எங்கள் நன்றியைப் பிரம்பின் கணக்கில் எழுதாதீர்கள்

ஆண்கள் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்களை நடத்தும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், ஆண்டு மலர் தயாரிப்பவர்களுக்கும், மேடையில் மைக் பிடிப்பவர்களுக்கும்,

வணக்கம். நம் சந்திப்புகளில் ஒவ்வொரு முறையும் நடக்கிற ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் அரைமணி நேரம் வேலை, பிள்ளைகள், சர்க்கரை, முட்டி வலி என்று போகும். அப்புறம் யாராவது ஒருத்தர், "டேய், அந்தக் கணக்கு வாத்தியார் கையால வாங்கினது ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான், கூடமே கலகலவென்று ஆகிவிடும். யார் எத்தனை அடி வாங்கினான், எந்த வாத்தியாருக்கு என்ன பட்டப்பெயர், கால்சட்டைக்குள் நோட்டுப் புத்தகத்தைச் செருகிக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டது யார் என்று ஒரு மணி நேரம் ஓடும். இதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பழைய கதை பேசத்தானே கூடுகிறோம். ஆனால் கடைசியில் ஒருவர் எழுந்து, "அன்னைக்கு அவர் அடிச்சதாலதான் இன்னைக்கு நாம இந்த நிலைமையில இருக்கோம்" என்று முடிப்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். அடுத்த மலரில் அதே வாக்கியம் அச்சாகும். பிறகு அது மேடையில் உட்கார்ந்திருக்கும் இப்போதைய தலைமை ஆசிரியரிடம், "நீங்களும் கொஞ்சம் கண்டிப்பா இருங்க சார், பசங்களுக்குப் பயம் விட்டுப்போச்சு" என்று வேண்டுகோளாகவே போய்ச் சேரும். அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வாத்தியார்களைத் திட்டுவதற்காக எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நானும் ஆண்கள் பள்ளியில் படித்தவன்தான், எனக்கும் கண்டிப்பான வாத்தியார்கள் இருந்தார்கள், அவர்களில் சிலருக்கு நான் பட்டிருக்கும் கடன் தீராதது. அந்தக் கடன் எதற்காக என்பதில்தான் நாம் குழம்பிப்போயிருக்கிறோம்.

எங்களுக்குக் கணக்கு எடுத்த ஒருவரைச் சொல்கிறேன். அவர் வராந்தாவில் வரும்போதே வகுப்பு அடங்கிவிடும். நோட்டுத் திருத்துவது என்றால் எல்லா நோட்டையும் திருத்துவார், ஒன்றுகூட விட மாட்டார். விடை தப்பு என்று மொத்தமாகக் குறுக்கே கோடு போடுகிற வழக்கமே அவரிடம் கிடையாது. ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே வந்து, எந்த வரியில் பையன் தடம் புரண்டானோ அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் "இதுவரை சரி, இங்கிருந்து மறுபடி போடு" என்று எழுதியிருப்பார். மறுநாள் நோட்டைக் கையில் வாங்கியதும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார். போடவில்லை என்றால் மதிய இடைவேளையில் அவர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டு முடித்துவிட்டுத்தான் போக வேண்டும், அவரும் கூடவே உட்கார்ந்திருப்பார். சத்தம் போடுவார். முறைத்தால் அடிவயிறு கலங்கும். ஆனால் யார் வீட்டில் என்ன கஷ்டம், யாருடைய அப்பா வேலை இல்லாமல் இருக்கிறார், யார் ராத்திரி வேலைக்குப் போய்விட்டு வந்து வகுப்பில் தூங்குகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் யாரையும் தொட்டதே இல்லை. பழைய மாணவர்கள் கூடிப் பேசும்போது அவரையும் 'அடி வாத்தியார்' வரிசையில் சேர்த்துச் சிலர் பேசுகிறார்கள். அவருடைய குரலின் மேல் இருந்த பயமும் இன்னொருவருடைய பிரம்பின் மேல் இருந்த பயமும் இத்தனை வருடத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

அமெரிக்காவின் அலாஸ்காவில் ஜூடித் கிளெய்ன்ஃபெல்ட் என்ற ஆய்வாளர் கிராமங்களிலிருந்து வந்து படித்த பழங்குடிப் பிள்ளைகளின் வகுப்பறைகளில் உட்கார்ந்து கவனித்து 1975-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிள்ளைகளை உண்மையில் முன்னேற்றிய ஆசிரியர்களிடம் இரண்டு குணங்கள் சேர்ந்தே இருந்தன என்பது அவர் கண்டது. ஒன்று, பிள்ளையின் மேல் வெளிப்படையாகத் தெரிகிற அக்கறை. இன்னொன்று, 'உன்னால் முடியும், அதனால் முடிக்காமல் விட மாட்டேன்' என்கிற விடாப்பிடி. அக்கறை மட்டும் இருந்து எதையும் கேட்காத ஆசிரியர்களிடமும் பிள்ளைகள் வளரவில்லை, கேட்டுக்கொண்டே இருந்து அக்கறை காட்டாதவர்களிடமும் வளரவில்லை. நம் கணக்கு வாத்தியாரிடம் இருந்தது அந்த இரண்டும்தான். நீங்கள் மனதுக்குள் கும்பிடுகிற வாத்தியாரை நினைத்துப் பாருங்கள். அவர் அடித்தவராகவே இருந்தாலும், அடித்த நாட்கள் போக மீதி நாட்களில் அவர் என்ன செய்தார் என்று யோசியுங்கள். பாடத்தை எப்படி நடத்தினார், எத்தனை தடவை திருப்பிச் சொன்னார், உங்களுக்காக யாரிடம் போய்ப் பேசினார்? நன்றி அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

"அடி வாங்கினப்புறம் நிஜமாவே மார்க் ஏறுச்சே, அதுக்கு என்ன சொல்றே?" என்று கேட்பீர்கள். ஏறியிருக்கும், மறுக்கவில்லை. ஏன் ஏறியது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இந்த மடலில் எனக்கு முக்கியமான இடம் இது.

2002-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், இஸ்ரேல் விமானப்படையில் பயிற்சி ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுத்தபோது நடந்தது என்று சொன்னது அது. தண்டிப்பதைவிடப் பாராட்டுவதுதான் நன்றாக வேலை செய்யும் என்று அவர் சொல்ல, அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவர் எழுந்து மறுத்தார். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறான், மோசமாக ஓட்டியவனைக் காதில் விழக் கத்தினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான், என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றார். அவர் பார்த்தது உண்மைதான், ஆனால் அவர் கண்டுபிடித்த காரணம் தப்பு. ஒருவன் வழக்கத்தைவிட மிக மோசமாகச் செய்த நாளுக்கு அடுத்த நாள், யாரும் ஒன்றும் சொல்லாவிட்டாலும், பெரும்பாலும் தன் வழக்கமான தரத்துக்குத் திரும்பிவிடுவான். மிக நன்றாகச் செய்தவனும் அப்படியே கொஞ்சம் கீழே இறங்குவான். பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1886-இலேயே எழுதிவைத்த விஷயம் இது. சராசரியை நோக்கித் திரும்புதல் என்று புள்ளியியலில் சொல்வார்கள்.

இதை நம் வகுப்பில் வைத்துப் பாருங்கள். எப்போதும் ஐம்பத்தைந்து வாங்குகிற பையன் ஒரு மாதத் தேர்வில் முப்பது வாங்குகிறான். உடம்பு சரியில்லையோ, படிக்காத பாடத்திலிருந்தே கேள்வி வந்ததோ, ஏதோ ஒன்று. அன்றைக்குத்தான் அவனுக்கு அடி விழும். அடுத்த தேர்வில் அவன் ஐம்பத்திரண்டு வாங்குகிறான், பிரம்புக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. எண்பது வாங்குபவன் ஒரு முறை தொண்ணூற்றைந்து வாங்கிப் பாராட்டுப் பெறுகிறான், அடுத்த தேர்வில் எண்பத்திரண்டுக்கு வந்துவிடுகிறான். 'புகழ்ந்தேன், தலைக்கனம் வந்துடுச்சு' என்கிறார் வாத்தியார். முப்பது வருடம் இதையே பார்த்த ஒருவர், அடி வேலை செய்கிறது, பாராட்டு கெடுக்கிறது என்று மனதார நம்பிவிடுவார். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தினமும் கண்ணெதிரே 'நிரூபணம்' நடந்துகொண்டிருக்கிறது, அவர் என்ன செய்வார்? அடி வாங்கியவனும் அதே நிரூபணத்தை உள்ளே இருந்து பார்த்தவன், அதனால் அவனும் நம்புகிறான். அவன்தான் இன்று மேடையில் மைக் பிடித்துப் பேசுகிறான்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. 1959-இல் எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர வேண்டும் என்றால் முதலில் ஒரு தேர்வு. சிலருக்கு அது மிகவும் கூச்சப்பட வைக்கும் கடினமான தேர்வு, சிலருக்கு லேசானது, சிலருக்குத் தேர்வே இல்லை. அப்புறம் எல்லோருக்கும் அந்தக் குழுவின் பேச்சை ஒலிபரப்பிக் காட்டினார்கள். வேண்டுமென்றே தயாரித்த, சலிப்பூட்டுகிற பேச்சு. அதை மிகவும் சுவாரசியமாக இருக்கிறது என்று சொன்னவர்கள் யார் தெரியுமா, கடினமான தேர்வில் கஷ்டப்பட்டவர்கள். 1966-இல் ஜெரார்ட், மேத்யூசன் என்ற வேறு இரண்டு ஆய்வாளர்கள் கூச்சத்துக்குப் பதிலாக மின்சார அதிர்ச்சியை வைத்து அதே சோதனையைச் செய்தபோதும் அதே முடிவுதான் வந்தது. இத்தனை கஷ்டப்பட்டது வீணாக இருக்கக் கூடாது என்று மனசு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறது. நம் பள்ளியின் மேல் நமக்கு இருக்கிற பாசத்தில் எவ்வளவு பள்ளி சம்பாதித்தது, எவ்வளவு நாம் பட்ட வலி நம்மிடம் கேட்டு வாங்கியது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பாசமே பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாசத்தைக் காட்டி, 'ஆகவே அடி நல்லது' என்று இன்னொரு பத்து வயதுப் பையனுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். ஆண்கள் பள்ளி என்பதால் இதைப் பேசியே ஆக வேண்டும்.

அடி வாங்கிய அன்றைக்கே அந்தக் கதை சிரிப்புக் கதையாக ஆகிவிடும், கவனித்திருக்கிறீர்களா? பீரியட் முடிந்து மணி அடித்ததும் வராந்தாவில் நாலு பேர் கூடுவோம். கை சிவந்திருக்கும், விரல் மடக்க முடியாது. அழுதால் அந்த வருடம் முழுக்க அதைச் சொல்லியே சாகடித்துவிடுவார்கள். "ஆம்பளப் புள்ளதானே, இதுக்குப் போய் அழுவுறே" என்று வாத்தியாரும் சொல்வார், பக்கத்து பெஞ்ச் பையனும் சொல்வான். அதனால் வாங்கியவனே முந்திக்கொண்டு, "எனக்கு வலிக்கவே இல்லடா" என்று கையை உதறிக் காட்டுவான், வாத்தியார் பிரம்பை ஓங்கியதை நடித்துக் காட்டுவான், எல்லோரும் சிரிப்போம். உள்ளங்கையில் ஒரு தலைமுடியை வைத்துக்கொண்டால் பிரம்பு பிளந்துவிடும் என்று பையன்கள் நம்பியதை நினைத்துப் பாருங்கள். உலகத்தின் வேறு மூலைகளில் பிரம்படி வாங்கிய பையன்களும் இதையே நம்பியிருக்கிறார்கள். பயம் அவ்வளவு இருந்திருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வழி இல்லை. ஆக, நம் சந்திப்புகளில் சொல்லப்படுவது, அழக்கூடாத இடத்தில் மாட்டிக்கொண்ட பையன்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள அன்றைக்கே வராந்தாவில் அவசரமாகக் கட்டிய கதை. ஐம்பது வயதிலும் அந்தக் கதையை மாற்றாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆண் பிள்ளை தாங்குவான் என்பதைச் சட்டமே எழுதிவைத்த நாடுகள் உண்டு. சிங்கப்பூரின் பள்ளி விதிகளின்படி பிரம்படி பையன்களுக்கு மட்டும்தான், பெண் பிள்ளைகளை அடிக்க அனுமதி இல்லை. பெண் பிள்ளைக்கு வேண்டாம் என்று எந்தக் காரணத்துக்காக முடிவு செய்தார்களோ அந்தக் காரணம் பையனின் உடம்புக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு எனக்கு இதுவரை உருப்படியான பதில் கிடைக்கவில்லை.

எல்லோரும் சிரித்தோம் என்கிறோமே, எல்லோரும் அங்கே இருந்தார்களா? எங்கள் வகுப்பில் ஒரு பையனுக்குத் திக்கும். மொழிப்பாட வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து ஒரு பத்தி வாசிக்க வேண்டும், பெஞ்ச் வரிசைப்படி வரும். தன் முறை வருவதற்கு முன்னாலேயே அவன் விரல் விட்டு எண்ணி, தனக்கு எந்தப் பத்தி வரும் என்று கண்டுபிடித்துவிடுவான். அந்தப் பத்தியில் 'ப'வில் ஆரம்பிக்கும் சொற்கள் எத்தனை இருக்கின்றன என்று பார்ப்பான். அவனுக்கு அந்த எழுத்தில்தான் அடைக்கும். எழுந்து நிற்பான், வாய் திறந்திருக்கும், சத்தம் வராது. படித்துக்கொண்டு வரவில்லை என்று நினைத்து அந்த வாத்தியார் அவனை விரல்களை மடக்கச் சொல்லி, ஸ்கேலின் விளிம்பைத் திருப்பி முட்டியில் அடிப்பார். அடித்துவிட்டு மறுபடியும் வாசி என்பார். வகுப்பு சிரிக்கும். அந்தப் பாடம் முதல் பீரியடாக வரும் நாட்களில் அவன் வருவது முதலில் குறைந்தது, பிறகு நின்றது, ஒன்பதாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். எட்டாம் வகுப்புக் குழுப் படத்தில் இரண்டாவது வரிசையில் நிற்கிறான். பத்தாம் வகுப்புப் படத்தில் இல்லை.

சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலும் இல்லை. ஏனென்றால் பட்டியலைக் கடைசி வகுப்புத் தேர்வு எழுதியவர்களை வைத்துத்தான் தயாரிக்கிறோம். பள்ளியை முடித்தவர்களை, அதிலும் நல்லபடியாக இருப்பவர்களை, அதிலும் வந்து போக நேரமும் மனசும் உள்ளவர்களை ஒரு கூடத்தில் உட்காரவைத்து, "அடி நமக்கு நல்லதுதானே செஞ்சுது?" என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? கெடுதல் நடந்தவன் அந்தக் கூடத்துக்கு வந்திருக்கவே மாட்டான். அழைப்பிதழ் கிடைத்தும் வராதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி, "அவனுக்கு எப்பவும் தலைக்கனம்" என்று மேடைக்குக் கீழே பேசுவதைக் கேட்டிருக்கிறேன், தயவுசெய்து அதை நிறுத்துங்கள். பள்ளியின் வாசலைத் தாண்ட ஒருவனுக்கு ஏன் மனசு வரவில்லை என்று நமக்குத் தெரியாது. கண்டிப்பு என்ற பேரைச் சொல்லிக்கொண்டு, பையன் வெளியில் சொல்ல மாட்டான் என்ற தைரியத்தில், தனியாகக் கூப்பிட்டுச் செய்யப்பட்ட அசிங்கங்களும் உலகம் முழுக்க ஆண்கள் பள்ளிகளில் நடந்திருக்கின்றன, பல இடங்களில் பல பத்தாண்டுகள் கழித்தே அவை வெளியே வந்தன. அப்படி யாராவது பேச முன்வந்தால் அதை மலருக்கான விஷயமாகவோ சங்கத்துக்குள் சமாதானம் பேசி முடிக்கிற விஷயமாகவோ ஆக்காதீர்கள், அது காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் போக வேண்டியது, அவரோடு கூடப் போவதுதான் சங்கத்தின் வேலை.

"அந்தக் காலத்தில் யாரும் இதைத் தப்பா நினைக்கல" என்பது அடுத்து வரும் சமாதானம். இது வரலாற்றுக்கு ஒத்துவராத பேச்சு. முதல் நூற்றாண்டு ரோமாபுரியிலேயே குவிண்டிலியன் என்ற ஆசிரியர், பிள்ளைகளை அடிப்பது இழிவானது, அது பயனும் தராது என்று எழுதியிருக்கிறார். 1669-இல் பள்ளிகளில் நடக்கும் அடியை எதிர்த்து மாணவர்களின் பெயரில் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு மனு போயிருக்கிறது. போலந்து 1783-இலேயே பள்ளிகளில் அடியைத் தடை செய்தது. பையன்களும் சும்மா இருந்துவிடவில்லை. 1911 செப்டம்பரில் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில், வகுப்பில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கைமாற்றிய பையனை அடித்ததற்காக அவன் கூட்டாளிகள் பள்ளியை விட்டு வெளியே நடந்தார்கள். சில நாட்களில் அது பிரிட்டன் முழுக்க அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவியது, பல ஊர்களில் பையன்கள் வைத்த கோரிக்கைகளில் பிரம்பை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒன்று. ஸ்காட்லாந்தில் தோல்வாரால் அடி வாங்க மாட்டேன் என்று மறுத்த ஒரு பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவனுடைய தாயும் இன்னொரு தாயும் போட்ட வழக்கில் 1982-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 1986-இல் பிரிட்டன் மக்களவையில் இது வாக்கெடுப்புக்கு வந்தபோது அடிக்கு எதிராக 231 வாக்கு, ஆதரவாக 230. ஒரே ஒரு வாக்கில் அரசுப் பள்ளிகளின் பிரம்பு போயிற்று, அந்தத் தடை அடுத்த ஆண்டே நடைமுறைக்கு வந்தது. தனியார் பள்ளிகளில் இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தது. உலகத்துக்கே முன்மாதிரி என்று சொல்லப்பட்ட பழைய பெரிய ஆண்கள் பள்ளிகளெல்லாம் அந்தத் தனியார் பிரிவில்தான் இருந்தன.

"எங்கப்பாவே வந்து, தோலை உரிச்சுடுங்க, கண்ணை மட்டும் விட்டுடுங்கன்னு சொல்லிட்டுப் போனார்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் 1860-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாமஸ் ஹாப்லி என்ற பள்ளி ஆசிரியர், பாடம் ஏறாத பதினைந்து வயதுப் பையனை அடிப்பதற்கு முறையாகக் கடிதம் எழுதி அப்பாவிடம் அனுமதி வாங்கினார். அப்பாவும் குறுக்கே நிற்கவில்லை. பையன் அடம் பிடிக்கிறான் என்று ஆசிரியர் நினைத்தார், அந்த அடியில் பையன் செத்துப்போனான். ஹாப்லிக்கு நாலு வருடம் சிறை. ஆனால் அதே தீர்ப்பு, ஆசிரியர் மிதமாக, நியாயமாக அடிக்கலாம் என்றும் சொல்லிவைத்தது. மிதம் எது என்று ஓங்கிய கைக்கு எப்படித் தெரியும்? 2021-இல் இலங்கை உச்ச நீதிமன்றம், ஆசிரியர் அறைந்ததில் செவித்திறன் பாதிக்கப்பட்ட ஒரு பள்ளி மாணவனுக்கு அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. அது ஒரே ஒரு அறைதான்.

சரி, இப்போது வேலை பார்க்கிற ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் மேடையில் நின்று, "கண்டிப்பா இருங்க, நாங்க உங்க பின்னாடி இருக்கோம்" என்று சொல்லும்போது அவரை எங்கே தள்ளுகிறீர்கள் என்று யோசித்தீர்களா? 1989-இல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவு, பள்ளி ஒழுங்குமுறை பிள்ளையின் மனித மாண்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. தென்னாப்பிரிக்கா 1996-இல் சட்டம் போட்டுப் பள்ளிகளில் அடியை நிறுத்தியது. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. உங்கள் கைதட்டலை நம்பி ஒரு இளம் ஆசிரியர் கை ஓங்கினால் வேலை போவது அவருக்கு, காது போவது பையனுக்கு. அப்போது நீங்கள் பின்னாடி இருக்க மாட்டீர்கள்.

அவருடைய கஷ்டம் நிஜமானது. ஐம்பது அறுபது பையன்களை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, பாடமும் நடத்தி, பதிவேடும் எழுதி, மூலையில் நடக்கும் சண்டையையும் விலக்க வேண்டும். பிரம்பைப் பிடுங்கியவர்கள் அதற்குப் பதிலாக அவர் கையில் ஒன்றும் கொடுக்கவில்லை என்று அவர் நொந்துகொண்டால் அதில் நியாயம் இருக்கிறது. சங்கத்தின் பணமும் செல்வாக்கும் அங்கே போகட்டும். நுழைவாயிலில் வளைவு கட்டுவதற்குப் பதில், திக்குகிற பையனையும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறுகிற பையனையும் அடையாளம் காணத் தெரிந்த ஒருவரைப் பள்ளியில் சம்பளத்துக்கு வையுங்கள். பையன்கள் பேசுவதற்கு ஒரு ஆற்றுப்படுத்துநர் வேண்டும், சாயங்காலம் பின்தங்கியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு பேர் வேண்டும். இவையெல்லாம் இருந்தால், எங்கள் கணக்கு வாத்தியார் மாதிரி ஆட்கள் தங்கள் மதிய இடைவேளையை மட்டுமே நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மலருக்கு வருகிறேன். அடி கதைகளை வெட்டி எறியுங்கள் என்று நான் கேட்கவில்லை, நடந்தது நடந்ததுதான், அது பதிவாகட்டும். ஆனால் அடித்தவர், அடி வாங்கியவர் இருவருடைய பெயரையும் போடாதீர்கள். பல வாத்தியார்கள் இப்போது உயிரோடு இல்லை, இருப்பவர்களில் பலர் எழுந்து நடக்கவே சிரமப்படுகிறார்கள், அவர்களுக்குப் பதில் சொல்ல வாய்ப்பில்லாத இடத்தில் பெயரை இழுப்பது முறையில்லை. எந்த வாத்தியாரையும் மேடையில் நிறுத்தி மன்னிப்பு கேட்க வைக்க வேண்டாம். அவரே பேச விரும்பினால், வாழ்த்துரை என்று மூன்று நிமிடத்தில் முடித்துவிடாமல், வேண்டிய நேரம் கொடுத்து உட்கார்ந்து கேளுங்கள். வாத்தியாரைப் பற்றி எழுத வருகிறவரிடம், "அவர் உனக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்? எந்தப் பாடம் இன்னும் ஞாபகம் இருக்கு?" என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். நன்றாக நடத்திய வாத்தியாரைப் பற்றி எழுத நிறைய வரும். ஒருவரைப் பற்றி எவ்வளவு யோசித்தும் அடியைத் தவிர வேறொன்றும் ஞாபகம் வரவில்லை என்றால், அதையும் அப்படியே போடுங்கள்.

அப்புறம், அடுத்த சந்திப்புக்கு ஆள் தேடும்போது தேர்வு எழுதியவர்களின் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பள்ளியில் சேர்ந்த ஒவ்வொரு பையனின் பெயரும் அதில் இருக்கும், பாதியில் நின்றவனின் பெயரும், எந்த வருடம் நின்றான் என்பதும் இருக்கும். அந்தப் பெயர்களில் கொஞ்சம் பேரையாவது தேடிப் பிடித்து நேரில் போய்ப் பாருங்கள். கூட்டத்துக்கு வா என்று கட்டாயப்படுத்தாமல், அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள், சம்மதித்தால் பெயர் போடாமல் மலரில் அதற்கும் பக்கம் ஒதுக்குங்கள். இந்தத் தேடும் வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன். எங்கள் வகுப்பில் தொடங்க வேண்டிய பெயர் எது என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
ஆண்கள் பள்ளியில் படித்த ஒரு பழைய மாணவன்